வம்சாவளிகளைத் தேடிய கர்னல் மெக்கன்சி

சென்னையினின்று வடக்கே கும்மிடிப்பூண்டி நோக்கிச் செல்லும் பெருவழியில் புழல் ஏரியைக் கடந்து செல்வோர் நாள்தோறும் பல்லாயிரவர். தொழிற்பேட்டைக்கு ஆளேற்றிச் செல்லும் பேருந்துகளும், இரும்பும் இயந்திரமும் சுமந்து செல்லும் லாரிகளும் அவ்வழியே இடையறாது ஓடுகின்றன. அப்புழலில் ஒரு காலத்தே குறும்பர்களின் கோட்டை இருந்தது என்பதும், தொண்டைமண்டலத்தை 24 கோட்டங்களாக வகுத்து ஆண்ட அவர்தம் தலைவனை ஆதொண்டைச் சக்கரவர்த்தி வென்றான் என்பதும் நம் பகுதிப் பெரியோர் சொல்லி வந்த செய்தி. திருவள்ளூரை அடுத்த ஈக்காடு என்னும் ஊர்ப்பெயரில் ஈக்காட்டுக் கோட்டத்தின் பெயர் இன்றும் எஞ்சி நிற்கிறது. செவிவழியாக வந்த இந்தக் குறும்பர் வரலாற்றை எழுத்தில் ஏற்றுவித்து, அழியாமற் காத்து வைத்தவர் தமிழ் அறியாத ஒருவர். நமக்கு வெகுதொலைவில், அட்லாண்டிக் கடலில் கிடக்கும் ஸ்காத்லாந்துத் தீவொன்றில் பிறந்தவர். கர்னல் காலின் மெக்கன்சி என்னும் அப்பெருமகனார் பிறருடைய குலவரலாறுகளைத் தேடுவதில் தம் வாழ்நாளையும் பொருளையும் செலவிட்டது ஏன் என்று கேட்டால், அவர்தம் குலத்திலிருந்தே விடை தேடத் தொடங்க வேண்டும்.

மெக்கன்சி 1754ஆம் ஆண்டையொட்டி லூயிஸ் தீவில் ஸ்டார்னோவே என்னும் துறைமுகச் சிற்றூரில் பிறந்தார். தந்தை மர்டோக் மெக்கன்சி வணிகர். அவ்வூரின் முதல் அஞ்சல் தலைவர். அத்தீவு முழுவதும் மெக்கன்சி குலத் தலைவரான சீஃபோர்த் பிரபுக்களுக்கு உரியது. ஸ்காத்லாந்தின் மலைநாட்டில் குலத்தைக் குறிக்க வழங்கும் கெய்லிக் சொல்லுக்குப் பிள்ளைகள் என்பதே பொருள். தலைவன் தந்தை, நிலத்தில் வாழ்வோர் அனைவரும் அவன் பிள்ளைகள். மெக்கன்சி என்ற பெயரின் முன்னொட்டு மகன் எனப் பொருள்படும்; கென்னத்தின் மகன் என்பது முழுப்பொருள். (தமிழின் மகனும் கெய்லிக்கின் மக்கும் ஒலியால் ஒத்திருக்கக் கண்டு நம் அன்பர்கள் உறவு கொண்டாடத் தொடங்கிவிட வேண்டா, அது தற்செயலே.) தலைவர்தம் இல்லங்களில் பாணர்கள் இருந்தனர். முன்னோர் பெயர்களை வழிவழியாக மனப்பாடம் செய்து, விழாக்காலத்தும் இறப்பின்போதும் ஓதுவது அவர்தம் கடமை. ஓதுகின்ற பெயர்வரிசை நிலத்துக்கு உரிமைச் சான்றாகவும் நின்றது.

இந்தக் குலமரபு ஆய்வு செய்யப்பட்ட கதை சுவையானது. மெக்கன்சிகளின் மூதாதை அயர்லாந்திலிருந்து வந்த காலின் ஃபிட்ஸ்ஜெரால்டு என்ற வீரன் என்றும், மன்னனுக்கு உதவி செய்து கிண்டெயில் நிலத்தை 1266இல் பட்டயமாகப் பெற்றான் என்றும் அக்குலத்தார் நெடுங்காலம் நம்பினர். பதினேழாம் நூற்றாண்டில் அக்குலத்துப் பெருமக்களுள் ஒருவரான குரோமார்ட்டி பிரபு இக்கதையை வரலாறாக எழுதியும் வைத்தார். பிற்காலத்து ஆய்வாளர் அப்பட்டயம் போலியென்று காட்டினர். 1467ஆம் ஆண்டுக்குரியது எனப்படும் கெய்லிக் கையெழுத்துச் சுவடியொன்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெளிப்பட்டபோது, அதில் மெக்கன்சிகள் உள்நாட்டுத் தலைவனாகிய கில்லியோன் என்பவன் வழியினராகவே குறிக்கப்பட்டிருந்தனர். அயலிலிருந்து வந்த வீரன் என்றால் பெருமை. மன்னன் கைப்பட்ட பட்டயம் என்றால் உரிமை. ஆகவே மண்ணின் மைந்தனை மறைத்துவிட்டு வந்தேறி வீரனைப் படைத்துக்கொண்டார்கள். நம் நாட்டு வம்சாவளிகளைப் படித்தவர்க்கு இது புதிதன்று. அக்குலத்தில் காலின் என்ற பெயர் திரும்பத் திரும்ப இடப்பட்டது. நம் கர்னலுக்கும் அப்பெயரே வாய்த்தது.

அவர் பிறப்பதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1746இல், குல்லோடன் போரில் மலைநாட்டுக் குலங்களின் கிளர்ச்சி ஒடுக்கப்பட்டது. தலைவர்கள் தம் மக்கள்மீது செலுத்திவந்த நீதி வழங்கும் உரிமை சட்டத்தால் பறிக்கப்பட்டது. படைக்கலம் ஏந்துவதும் குல உடை அணிவதும் தடை செய்யப்பட்டன. சீஃபோர்த் பிரபு அவ்வெழுச்சியில் சேரவில்லை. எனினும் முன்னதாக 1715இல் நிகழ்ந்த கிளர்ச்சியில் சேர்ந்ததால் அக்குடும்பம் பட்டமும் நிலமும் இழந்து மீண்ட பழைய நினைவு இருந்தது. தந்தையாக இருந்த தலைவன் வெறும் நிலக்கிழாராக மாறியதையும், பாணர்கள் ஆதரவற்றுப் போனதையும் கண்ட தலைமுறையில் மெக்கன்சி வளர்ந்தார். இந்நினைவே பின்னாளில் பாளையக்காரர் வீட்டு ஏடுகளை அவர் மதித்ததற்குக் காரணம் என்று அவர் எங்கும் எழுதிவைக்கவில்லை. ஆயினும் இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும் எவர்க்கும் இத்தொடர்பு தோன்றாமற் போகாது.

ஸ்டார்னோவேயில் சுங்க அலுவலராகப் பணியாற்றிய மெக்கன்சி, குலத்தலைவரின் பரிந்துரையால் கிழக்கிந்தியக் கம்பெனியில் இடம்பெற்று 1783 செப்டம்பரில் சென்னையில் வந்திறங்கினார். அவரை இந்தியாவை நோக்கித் திருப்பியதும் ஒரு குடும்ப வரலாற்று ஆராய்ச்சியே என்பது வியப்பு. மடக்கைக் கணக்கை 1614இல் உலகுக்கு வெளியிட்ட ஜான் நேப்பியரின் வழிவந்த பிரான்சிஸ் நேப்பியர் பிரபு தம் மூதாதையின் வாழ்க்கையை எழுத முற்பட்டார். அதற்காக இந்தியரின் பழைய கணித அறிவு பற்றிய செய்திகளைத் திரட்ட இளைஞரான மெக்கன்சியை அமர்த்தினார். 1773இல் பிரபு காலமானார், நூல் நிறைவேறவில்லை. பிரபுவின் மகள் எஸ்தர் தம் கணவர் ஜான்ஸ்டனோடு மதுரையில் வாழ்ந்துவந்தார். அவ்வம்மையாரின் அழைப்பை ஏற்று மெக்கன்சி மதுரை சென்றதாகவும், அங்கே கற்றறிந்த அந்தணரோடு பழகியதாகவும் அவ்வம்மையாரின் மகனும் இலங்கையின் தலைமை நீதிபதியாக விளங்கியவருமான அலெக்சாண்டர் ஜான்ஸ்டன் 1832இல் இங்கிலாந்துப் பாராளுமன்றக் குழுவின் முன் கூறினார். மகன் தன் தாயைப் பற்றிச் சொன்ன செய்தியில் சிறிது மெருகு ஏறியிருக்கவுங்கூடும்.

மதுரையில் முளைத்த ஆசை உடனே செழிக்கவில்லை. பொறியாளர் படையினராகிய அவரைப் போர்கள் ஊர் ஊராக இழுத்துச் சென்றன. 1792இல் சீரங்கப்பட்டணம், 1793இல் புதுச்சேரி, 1796இல் கொழும்பு என முற்றுகைகள் தொடர்ந்தன. ஐதராபாத்து நிசாம் நாட்டை அளந்து படம் வரையும் பணியும் இடையே வந்து சேர்ந்தது. முதல் 13 ஆண்டுகள் பயனின்றிக் கழிந்தன என்பதே பின்னாளில் ஜான்ஸ்டனுக்கு 1817இல் எழுதிய மடலில் அவர் தம்மைப் பற்றிக் கூறிய கணிப்பு. நாட்டுமொழி எதுவும் தமக்கு வசப்படவில்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை.

கொழும்பிலிருந்து திரும்பியபின் அவருக்கு வாய்த்தவர் காவலி வேங்கட போரய்யா. ஏலூரைச் சேர்ந்த இத்தெலுங்கு இளைஞர் வடமொழி, தெலுங்கு, இந்துஸ்தானி, பாரசீகம், ஆங்கிலம் ஆகியவற்றில் வல்லவர். இந்திய அறிவின் வாயிலுக்குள் தம்மை அழைத்துச் சென்றவர் அவரே என்று மெக்கன்சி நன்றியோடு குறித்துள்ளார். போரய்யா 1803இல் இளமையிலேயே மறைந்தார். அவர்தம் தம்பியரான இலட்சுமய்யாவும் இராமசாமியும் அப்பணியைத் தொடர்ந்தனர். காவலி உடன்பிறந்தார் இல்லையேல் மெக்கன்சி திரட்டு இல்லை. மெக்கன்சியின் புகழ்பாடும் கட்டுரைகளில் இம்மூவரும் உதவியாளர் என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடுவது எனக்கு உடன்பாடன்று.

1799 மே மாதத்தில் திப்பு சுல்தான் வீழ்ந்தபின், மைசூர் நாட்டை அளக்கும் பொறுப்பு மெக்கன்சிக்குத் தரப்பட்டது. ஏறத்தாழ 40,000 சதுர மைல் பரப்புடைய நாடு அது. எல்லை, ஆறு, மலை ஆகியவற்றை அளப்பதோடு அவர் நிற்கவில்லை. ஓர் ஊரை அளக்கும்போதே அவ்வூர்க் கோயிலின் தலவரலாறு, கல்வெட்டு, செப்பேடு, பழங்காசு, ஆண்டவர்களின் வம்சாவளி, குடிகளின் வழக்கம் யாவற்றையும் கேட்டெழுதச் செய்தார். ஊர்ப்பெரியோரும் கணக்கரும் எழுதித்தந்த இவ்வறிக்கைகளே கைபீதுகள் எனப்பட்டன. நாட்டை அளக்கச் சங்கிலி. அதன் காலத்தை அளக்க ஏடு. கம்பெனி முதலதற்கே மனமுவந்து பணம் தந்தது. இரண்டாவதற்குப் பெரும்பாலும் அவர்தம் சொந்த ஊதியமே கரைந்தது.

தமிழ்ப் பகுதிகளில் நித்தல நயினா, அப்பாவு முதலியோர் ஊர் ஊராக அலைந்தனர். அவர்கள் பட்ட பாட்டை அவர்கள் விடுத்த மாதாந்தர அறிக்கைகள் காட்டும். வரி உயர்த்துவதற்கே ஆள் வந்திருக்கிறான் என்று ஊரார் அஞ்சினர். பழைய ஏடுகளை ஒளித்தனர்; கொடுத்தவரும் படியெடுத்ததும் திருப்பித் தரவேண்டினர். அச்சம் காரணமற்றதன்று. நிலம் யாருடையது என்ற கேள்விக்குக் கம்பெனி விடை தேடிக்கொண்டிருந்த காலம் அது.

தென்பாளையங்களில் இக்கேள்வி இரத்தத்தில் எழுதப்பட்டது. 1799 அக்டோபரில் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டான். 1801 அக்டோபரில் மருது உடன்பிறந்தார் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். அவ்வாண்டின் இறுதியில் பாளையக்காரர் படைக்கலம் ஏந்துவது தடைசெய்யப்பட்டது, கோட்டைகள் இடிக்கப்பட்டன. குல்லோடனுக்குப்பின் ஸ்காத்லாந்தில் நிகழ்ந்தது ஐம்பத்தைந்தாண்டு கழித்து நெல்லைச் சீமையில் திரும்பவும் நிகழ்ந்தது; இம்முறை ஒடுக்கிய கம்பெனிப் படையில் ஸ்காத்லாந்து மலைநாட்டாரும் இருந்தனர். இந்நிலையில் எஞ்சிய பாளையக்காரரிடமிருந்து மெக்கன்சியின் ஆட்கள் வம்சாவளிகளை எழுதி வாங்கினர். அவற்றின் அமைப்பு ஏறக்குறைய ஒன்றே. மூதாதை ஒருவன் வடக்கிலிருந்து வருவான். இராயர் அவையிலோ நாயக்கர் அவையிலோ எவரும் அடக்கமுடியாத புலியையோ மல்லனையோ வெல்வான். மகிழ்ந்த மன்னன் விருதும் பட்டப்பெயரும் பாளையமும் அளிப்பான். பின்னர்ப் பெயர்வரிசை இன்றுள்ளவர் வரை இறங்கும். கிண்டெயில் பட்டயம் பெற்ற காலின் ஃபிட்ஸ்ஜெரால்டு இவர்களுள் ஒருவனாகத் தயங்காமல் அமரலாம்.

இவற்றைப் பொய்யென்று ஒதுக்கினார் பலர். பல இடங்களில் ஆண்டுக்கணக்குப் பிழைபடுவது உண்மையே. ஆனால் அமெரிக்க ஆய்வாளர் நிக்கோலஸ் டர்க்ஸ் 1987இல் வெளியிட்ட புதுக்கோட்டை பற்றிய நூலில், இவ்வம்சாவளிகள் அரசு, கொடை, மானம் ஆகியவற்றைத் தமிழர் எவ்வாறு கருதினர் என்பதைக் காட்டும் சான்றுகள் என்று விளக்கியபின், ஆய்வுலகம் அவற்றை வேறு கண்ணால் நோக்கலாயிற்று. பாளையப்பட்டுகளின் வம்சாவளிகளும் கொங்குதேச ராசாக்கள் சரித்திரமும் இன்று அச்சில் கிடைக்கின்றன.

இனி நம் புழலுக்கு வருவோம். மெக்கன்சி திரட்டிலுள்ள குறும்பர் வரலாறு இதுதான். குறும்பர் புழலில் கோட்டை கட்டி ஆண்டனர். சமண முனிவர் ஒருவர் வந்து அவர்களைத் தம் சமயத்தில் சேர்த்தார். சோழன் குலோத்துங்கனின் மகன் ஆதொண்டை படையெடுத்து வந்தான், முதலில் தோற்றான். மனமுடைந்து திரும்பக் கருதிய இரவில் சிவபெருமான் கனவில் தோன்றி, யானையின் கால் முல்லைக்கொடியில் சிக்கும் இடத்தில் தாம் இருப்பதாக அறிவித்தார். மறுநாள் அவ்வாறே நிகழ, ஆதொண்டை மீண்டும் பொருது வென்றான். திருமுல்லைவாயிலில் கோயில் எழுப்பினான்; புழற்கோட்டையின் எருக்கந்தூண்களைக் கொண்டுவந்து அங்கே நிறுத்தினான். காட்டை அழித்து வேளாளரைக் குடியேற்றினான். அத்தூண்கள் எனச் சொல்லப்படும் இரண்டு தூண்கள் மாசிலாமணியீசர் சந்நிதியின் முன் இன்றும் உள்ளன. சமணம் பற்றிய செய்திக்குத் துணைபோல, புழலில் பழைமையான ஆதிநாதர் கோயிலும் உள்ளது.

இவ்வரலாற்றில் ஒரு முடிச்சு உண்டு. குலோத்துங்கன் பதினொன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அரியணை ஏறியவன். அவன் மகனே ஆதொண்டை என்றால் முல்லைக்கொடியின் நிகழ்ச்சி பன்னிரண்டாம் நூற்றாண்டினதாதல் வேண்டும். ஆனால் அதற்குப் பல தலைமுறை முற்பட்ட சுந்தரமூர்த்தி நாயனாரே தம் திருமுல்லைவாயில் பதிகத்தில் தொண்டைமானின் களிற்றை முல்லைக்கொடி தளைத்த செய்தியைக் குறித்துவிட்டார். ஆகவே பல்லவர் காலத்திலேயே வழங்கிய பழைய நினைவொன்றைப் பின்னாளில் எவரோ சோழர் பெயரோடு சேர்த்து முடிந்திருக்கின்றனர் எனக் கொள்வதே பொருந்தும். நினைவு பழையது, வம்சத்தொடர்பு புதியது. ஏன் அவ்வாறு சேர்த்தனர்? தொண்டைமண்டல வேளாளரின் காணியாட்சி சோழமன்னன் வழங்கியது என்று காட்டுவதற்குச் சோழன் மகன் வேண்டியிருந்தான். சென்னைக் கலெக்டராக விளங்கிய எல்லிஸ் துரை, 1818இல் வெளிவந்த மிராசு உரிமை பற்றிய தம் ஆய்வில் இந்த ஆதொண்டை வரலாற்றை எடுத்துப் பேசியிருக்கிறார். அக்கதை அன்று நிலப்பத்திரத்துக்கு நிகராக இருந்தது.

மெக்கன்சியின் பிற்கால வாழ்வை விரைந்து கூறலாம். 1810இல் சென்னை மாகாணத்தின் தலைமை நில அளவையாளரானார். 1811இல் ஜாவாப் படையெடுப்பில் சென்று அங்கும் சுவடி திரட்டினார். 1812இல் அத்தீவிலேயே இலங்கையிற் பிறந்த டச்சுப் பெண்மணி பெட்ரோனெல்லா ஜாக்கோமினா பார்ட்டெல்சை மணந்தார். 1815இல் இந்தியா முழுவதற்கும் முதல் தலைமை நில அளவையாளராக அமர்த்தப்பெற்றார். அடுத்த ஆண்டு தாமஸ் ஹிக்கி என்னும் ஓவியர் சென்னையில் அவரை வரைந்தார். சிவப்புச் சீருடையில் நிற்கும் கர்னலைச் சுற்றி மூன்று இந்தியர் காணப்படுகின்றனர்: ஓலைச்சுவடி ஏந்திய சமண அறிஞர் தர்மய்யா, தொலைநோக்கி பிடித்த ஏவலாள், இலட்சுமய்யா எனக் கருதப்படுபவர். பின்புறத்தில் சமண முனிவரின் பேருருவம் தெரிகிறது. தம்மைத் தனியே வரையச் சொல்லாமல் இவர்களோடு நின்ற அக்கர்னலின் நேர்மையை நான் மதிக்கிறேன். 1817இல் கல்கத்தா சென்றார். நோயுற்று, 1821 மே 8ஆம் நாள் ஊக்ளி ஆற்றில் செல்கையில் உயிர்நீத்தார். கல்கத்தாவின் பார்க் தெரு இடுகாட்டில் அடக்கம் செய்யப்பெற்றார். பிறந்த தீவுக்கு அவர் திரும்பவேயில்லை.

அத்தீவின் தலைவர் குடியும் அவர் வாழ்நாளிலேயே இற்றது. கடைசிச் சீஃபோர்த் பிரபுவாகிய பிரான்சிஸ் ஹம்பர்ஸ்டன் மெக்கன்சி தம் ஆண்மக்கள் அனைவரையும் இழந்து 1815இல் மறைந்தார். செவிடனான தலைவனோடு வம்சம் முடியும் என்று முன்பே ஒரு குறிகாரன் சொல்லியிருந்ததாக மலைநாட்டில் கதை உண்டு. பிரபு இளமையிலேயே கேட்கும் திறனை இழந்தவர். உரிமை மூத்த மகள் மேரிக்குச் சென்றது. அவர்தம் முதற்கணவர் அட்மிரல் சாமுவேல் ஹூட் 1814 டிசம்பரில் நம் சென்னையில்தான் காலமானார். இரண்டாம் கணவர் ஸ்டூவர்ட் மெக்கன்சி, மனைவியின் குலப்பெயரைத் தம் பெயரோடு சேர்த்துக்கொண்டவர். 1837 முதல் 1841 வரை இலங்கையின் ஆளுநராக இருந்தார். மூன்றே ஆண்டுகள் கழித்து, 1844இல், லூயிஸ் தீவே விலைக்குப் போயிற்று.

கர்னலின் திரட்டைக் கம்பெனி அரசு அவர்தம் கைம்பெண்ணிடமிருந்து விலைக்கு வாங்கியது. 1828இல் வில்சன் என்னும் வடமொழி அறிஞர் வெளியிட்ட அட்டவணையின்படி, இலக்கிய நூல்கள் 1,568, ஊர்வரலாறுகள் 2,070, கல்வெட்டுப் படிகள் 8,076, மொழிபெயர்ப்புகள் 2,159, ஓவியங்கள் 2,630, காசுகள் 6,218. மெக்கன்சி தாமே அட்டவணை எழுதி நூலாக்க எண்ணியிருந்தார், காலன் இடந்தரவில்லை. ஒருபகுதி இலண்டனுக்குப் போயிற்று. தென்மொழிச் சுவடிகள் சென்னைக்குத் திரும்பின.

அவற்றை நன்கறிந்தவர் இலட்சுமய்யா ஒருவரே. கர்னல் விட்டுச்சென்ற பணியைத் தொடர வாய்ப்பளிக்குமாறு அவர் 1836இல் வேண்டினார். கல்கத்தா ஆசியக் கழகத்தின் செயலர் பிரின்செப் முதலியோர், இந்தியர் ஒருவர் அதற்குத் தகுதியுடையவரல்லர் எனக் கருதி மறுத்துவிட்டனர். நாற்பதாண்டு உழைப்புக்குக் கிடைத்த விடை அது. பணி வில்லியம் டெய்லர் பாதிரியாருக்குப் போயிற்று. அவரும் சும்மா இருந்தவரல்லர். செல்லரித்து, மை மங்கிய தாள்களைப் புதிதாகப் படியெடுக்கச் செய்து காத்தார். குறும்பர் வரலாறு ஆங்கிலத்தில் பரவியது அவரால்தான். தம்பி இராமசாமியோ, திரட்டிற் கிடைத்த செய்திகளைக் கொண்டு தென்னாட்டுப் புலவர் வரலாறுகளை ஆங்கிலத்தில் எழுதி 1829இல் கல்கத்தாவில் அச்சிட்டார். தமிழ்ப்புலவரும் இடம்பெற்ற அந்நூல் இத்துறையில் தோன்றிய முன்னோடி நூல்களுள் ஒன்று. கவிஞர் நிறைந்த நம் வட்டம் அப்பெயரை மறக்கலாகாது.

சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இன்று அத்தமிழ்ச் சுவடிகள் உள்ளன. பேராசிரியர் தி. வை. மகாலிங்கம் அவற்றின் சுருக்கங்களை ஆங்கிலத்தில் தொகுத்து, 1972இல் சென்னைப் பல்கலைக்கழக வெளியீடாகக் கொணர்ந்தார். ஸ்டார்னோவே மக்களும் 2017இல் தம் ஊராரின் திரட்டில் ஒருபகுதியைத் தம் அருங்காட்சியகத்தில் வரவழைத்துக் கண்டனர்.

அச்சுவடிகளில் பாளையக்காரர் வம்சாவளி உண்டு. வேளாளரின் காணி வரலாறு உண்டு. சமணர் தம்மைப் பற்றிச் சொன்னவையும் உண்டு. புழற்குறும்பரின் வரலாறு மட்டும் அவர்களை வென்றவர் வழியினர் சொன்னபடியே எழுதப்பட்டிருக்கிறது. கோட்டை இழந்த அக்குலம் தன் முன்னோரை எவ்வாறு எண்ணிச் சொல்லியிருக்கும் என்பதற்கு அத்திரட்டில் ஓர் ஏடும் இல்லை. பொன்னேரி, கும்மிடிப்பூண்டி, ஊத்துக்கோட்டைப் பகுதிகளில் ஆடு மேய்ப்போரிடையேயும் ஏரிக்கரைத் தெய்வங்களின் கொடைவிழாக்களிலும் அத்தகைய நினைவு ஏதேனும் வழங்குகிறதா என்பதை நேரில் சென்று கேட்டுப் பார்க்க நம் வட்டத்து இளைஞருள் எவரேனும் முன்வரலாம்.